ஆரோக்கியம் அண்ணனின் பெயரை எடுத்த பிறகு

அன்று திண்டிவனத்தில் அந்த அறைக்குள் ஐந்து பேர் இருந்தோம். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மையத்தை நடத்துகிற ஸ்டெல்லா மேடம், அங்கே முன் மேசையில் வேலை பார்க்கும் கௌரி, வல்லம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த அஞ்சலை அக்கா, அவர் மடியில் ஐந்து வயது மகள் கனிஷ்கா, விழுப்புரத்திலிருந்து பைக்கில் போய்ச் சேர்ந்த நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். கனிஷ்காவின் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தார். இன்னொருவர் ஆரோக்கியம் அண்ணன். அந்த மையத்தின் கணினி, கணக்கு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். மாரடைப்பில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் வேண்டியிருந்தவர் அவர்தான்.

புதிதாக நம் கணினி சர்வீஸ் கடையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று முதலாளி சொன்னார். அடுத்த வாரம் நான் ஓசூருக்கு வேறு வேலைக்குப் போகிறேன். நாஸ் பெட்டியை எப்படி இணைப்பது, பேக்கப்பை எந்த நேரத்தில் ஓடவிடுவது என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. பாஸ்வேர்டு தவறு என்று ஒரு வரி திரையில் வரும்போது அதற்குப் பின்னால் எத்தனை மனிதர்கள் நிற்கக்கூடும் என்பதை மட்டும் எழுதுகிறேன். இது எனக்கே இன்னும் முழுசாக ஆறாத விஷயம். அதனால் ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

முதலில் கனிஷ்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. அரசுக் காப்பீட்டில் அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் ஒரு கருவி வைத்திருந்தார்கள். அது பாதிதான். மீதிப் பாதி, காதுக்கு மேல் மாட்டுகிற வெளிக்கருவி. எந்தச் சத்தத்தை எவ்வளவு உள்ளே அனுப்ப வேண்டும் என்ற அளவுகள் அந்த வெளிக்கருவியில் பதிந்திருக்கும். முதல் நாள் மிகக் குறைவாக வைப்பார்கள். பிறகு பிள்ளை மிரளாதபடி, அதன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஒரு பிள்ளையின் அளவு இன்னொரு பிள்ளைக்கு ஆகாது. இந்த அளவுகள் மையத்தின் கணினியிலும் இருக்கும்.

அப்படிக் கூட்டிக் கூட்டி, கனிஷ்கா ‘அம்மா’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து பெயரைக் கூப்பிட்டால் திரும்பினாள். இதே வேகத்தில் போனால் ஜூன் மாதம் ஊர்ப் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்று மேடம் சொல்லியிருந்தார்.

பிள்ளைக்கு வாய் திறந்தால் வருவதாக அஞ்சலை அக்காவுக்கு மேல்மலையனூர் அங்காளம்மனிடம் ஒரு வேண்டுதல். அமாவாசைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்தக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். நெரிசலில் யாருடைய முழங்கையோ பட்டு வெளிக்கருவி கழன்று விழுந்தது. கண்டெடுத்தபோது மிதிபட்டு நொறுங்கியிருந்தது. கம்பெனிக்காரர்கள் தற்காலிகமாக வேறு கருவி அனுப்பினார்கள். அது வெறும் கருவி. கனிஷ்காவின் அளவுகளைக் கணினியிலிருந்து எடுத்து அதில் ஏற்ற வேண்டும். அந்த வாரம் பார்த்துத்தான் மையத்துக் கணினியின் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுபோனது.

மற்ற பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லை. அவரவர் காதில் இருக்கும் கருவியிலிருந்தே அளவுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கனிஷ்காவின் அளவுகள் மட்டும் இனி ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். கணினியில் இருப்பதைத் தினமும் மாலை நகலெடுத்து வைத்துக்கொள்ளும், அலமாரிக்கு மேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த நாஸ் பெட்டியில்.

நான் போனபோது கௌரி மேடத்தின் லேப்டாப்பில் அந்தப் பெட்டிக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டீங்களா அண்ணா! ஆரோக்கியம் அண்ணன் பொண்ணு பேரு, பொறந்த வருசம், வேளாங்கண்ணி, வண்டி நம்பரு, எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணத்தையும் ஒத்துக்க மாட்டேங்குது.”

“எப்பலேர்ந்து போட்டுக்கினு இருக்கே?”

“காலைல வந்ததுலேர்ந்து.”

“கைய எடு மொதல்ல.”

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் பெட்டி நம்மைத் திருடன் என்று நினைத்துக் கதவை மூடிக்கொள்ளும். அது ஏற்கெனவே மூடிக்கொண்டிருந்தது. இனி சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் கொஞ்ச நேரத்துக்குத் திறக்காது. பதற்றத்தில் இருப்பவர்கள் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லோருடைய கையையும் நிறுத்துவது.

மேடம் ஆரோக்கியம் அண்ணனின் மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“பாஸ்வேர்டா? ஏடிஎம் நம்பரையே என்கிட்ட சொன்னதில்ல மேடம் அந்த மனுசன். ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்கும்போது கேட்டேன். நான் இன்னா செத்தா போய்ட்டேன்னு கோவப்பட்டாரு.”

மேடம் போனை வைத்துவிட்டார்.

நிர்வாகி பாஸ்வேர்டு எங்கேதான் இருந்தது என்று விசாரித்தேன். ஆரோக்கியம் அண்ணன் அதைக் கணினியிலேயே சேமித்து வைத்திருந்தார். பக்கத்தைத் திறந்தால் தானாக உள்ளே போகும், யாரும் டைப் செய்ய வேண்டியதில்லை. கணினி கெட்டுப்போனால் உதவுவதற்காக ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் சாவி கணினிக்குள். கணினி போனபோது சாவியும் போய்விட்டது. இதைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். நல்ல பொறுப்பான ஆட்கள்தான் இப்படிச் செய்வார்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும் என்று.

மிச்சம் இருந்தது பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டை. ஊசியால் சற்று நேரம் அழுத்தினால் நிர்வாகி பாஸ்வேர்டு மட்டும் பழைய நிலைக்குப் போகும். கூடுதலாக அழுத்தினால் வேறு என்னென்னவோ போகும். அந்த ரகப் பெட்டியில் நான் அதை அதற்கு முன் செய்ததில்லை. சத்தம் போடாமல் செய்து முடித்துவிட்டு, திறந்ததும் பெருமையாகச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உங்களுக்கும் தோன்றும். செய்யாதீர்கள். பொருள் யாருடையதோ அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

“மேடம், இத்த அழுத்தப்போறேன். உள்ள இருக்கிற ஃபைல் அப்படியே இருக்கணும்.”

“அழிஞ்சிடாதே?”

“அழியாதுன்னுதான் கையேட்டுல போட்டிருக்கு. நான் இதுல பண்ணதில்ல. சத்தியம் பண்ண மாட்டேன்.”

மேடம் அஞ்சலை அக்காவைப் பார்த்தார். அஞ்சலை அக்கா, “பைய பண்ணு தம்பி. ஜல்தி ஒண்ணும் இல்ல” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அதுவரை அவர்தான் நாலு தடவை எழுந்து உட்கார்ந்திருந்தார்.

அழுத்தினேன். பெட்டி அணைந்து எரிந்தது. உள்ளே போக முடிந்தது. கோப்புகள் இருந்தன. அவற்றை மேடத்தின் லேப்டாப்பில் ஏற்றித் திறந்தபோது பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. கௌரிதான் முதலில் பார்த்தாள்.

“இருக்குது மேடம்! கனிஷ்கா பேரு இருக்குது!”

அஞ்சலை அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். “ஆத்தா, அங்காளம்மா! உன்னாண்ட வந்து தொலைச்சத நீயே குடுத்துட்டே.” மகளின் முகத்தைத் திருப்பி, தன் காதைத் தொட்டு, விரலை ஆட்டி ஏதோ காட்டினார். அவள் சிரித்தாள்.

மேடம் பெயரைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு பதிவு. முதல் நாள் அளவு. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. மேடம் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். மூடித் திறந்து பார்த்தார். நான் பெட்டியின் பக்கம் போய் மற்றக் கோப்புகளின் தேதிகளைப் பார்த்தேன். எல்லாமே அதே நாளில் நின்றுபோயிருந்தன. அதன் பிறகு ஒரு நாள்கூடப் பேக்கப் நடக்கவில்லை. பயனர் பட்டியலைத் திறந்தேன். பேக்கப் எந்தக் கணக்கில் உள்ளே போய்க்கொண்டிருந்ததோ அது ஆரோக்கியம் அண்ணனின் கணக்கு. அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

“இத்த யாரு நிறுத்தனது?” என்று கேட்டேன்.

கௌரி மேடத்தைப் பார்த்தாள். மேடம் மேசையைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். ஆரோக்கியம் அண்ணனின் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு அவர் மனைவி மையத்துக்கு வந்திருக்கிறார், அவருடைய டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துப் போக. அந்த நேரம் பார்த்து கௌரி கணினியைப் போட்டிருக்கிறாள். திரையில் அவருடைய படமும் பெயரும் பெரிதாக வந்தன. அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். அவரைத் தேற்றி அனுப்பிவிட்டு மேடம் கௌரியிடம், “அவரு பேரு இனிமே எதுலயும் வரக் கூடாது, எடுத்துடு” என்று சொல்லியிருக்கிறார். கௌரி கணினியில் படத்தை எடுத்தாள், பெயரை மாற்றினாள். அத்தோடு நிற்காமல் நாஸ் பக்கத்தையும் திறந்து பார்த்தாள். அங்கேயும் அவர் பெயர். அழிக்க மனசு வராமல் நிறுத்தி மட்டும் வைத்தாள். இறந்த பிறகும் ஒரு மாதம் தன் பெயரில் பேக்கப்பை ஒழுங்காக நடத்திக்கொண்டிருந்தவரை அன்றுதான் அவர்கள் வெளியே அனுப்பினார்கள், அதுவும் மரியாதைக்காக.

“அப்ப சாயங்காலம் எர்ரர் வந்திருக்குமே கௌரி?”

“டெய்லி வரும் அண்ணா. அஞ்சு மணி ஆனா போதும். ஆரோக்கியம், உள்ள வர முடியலன்னு இங்கிலீஷ்ல வரும்.” அவள் குரல் இறங்கிப்போனது. “அவரு கதவாண்ட வந்து நின்னுக்கினு கேக்கற மாரி இருக்கும். மொத நாளு மேடத்தாண்ட காட்னேன். பாத்தாங்க. எழுந்து ஜன்னலாண்ட போய்ட்டாங்க. அப்புறம் நான் காட்டல. வந்தவொடனே மூடிடுவேன்.”

நானும் இந்த வேலையில் எத்தனையோ காரணங்கள் கேட்டிருக்கிறேன். கரன்ட் போனது, எலி வயரைக் கடித்தது, யாரோ துடைப்பதற்காகப் பிளக்கைப் பிடுங்கினார்கள். ஒரு பெயரைப் பார்க்க முடியாமல் மூடிவிட்டோம் என்று யாரும் சொன்னதில்லை.

நான் வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் கெட்டவர் கிடையாது. பல வருடம் கடை நடத்தியவர், வாடிக்கையாளரின் கோபம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும்.

“யப்பா, வாயக் குடுத்துடாத. டிஸ்க்க மெட்ராஸுக்கு ரெக்கவரிக்கு அனுப்பலாம், பதினஞ்சு நாள் ஆவும், நம்பிக்கை இருக்குதுன்னு சொல்லு. அதுக்குள்ள சூடு ஆறிடும்.”

“டிஸ்க்க நான் கேட்டுப் பாத்தேன் சார். உள்ள உரசுது. வராது.”

“வராதுன்னு நீ இன்னா சர்டிபிகேட் குடுக்கறது? அனுப்பு. டெக்னிக்கலா நாலு வார்த்த சொல்லு, கெளம்பி வா.”

அவர் சொன்னதில் பொய் என்று எதுவும் இல்லை. டிஸ்க்கை அனுப்பத்தான் போகிறோம். நூற்றில் ஒன்றுக்கு வந்தாலும் வரலாம். ஆனால் உள்ளே போனால் அந்த நம்பிக்கையை வைத்து அஞ்சலை அக்கா என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்தேன். காத்திருப்பார். பழைய அளவு வரட்டும், பிள்ளையைப் புதிதாக ஏன் கஷ்டப்படுத்த வேண்டும் என்று கருவியை அலமாரியில் வைத்துவிடுவார். அந்தப் பதினைந்து நாளும், அது நீண்டால் இன்னொரு பதினைந்தும், கனிஷ்காவுக்கு உலகம் ஊமையாகவே இருக்கும்.

உள்ளே போனபோது அஞ்சலை அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தே பாதி புரிந்திருக்க வேண்டும்.

“பேரு இருக்குதுன்னு சொன்னீங்களே தம்பி.”

“பேரு இருக்குதுக்கா. டேட்டா பேக்கப் ஆவறதுல ஒரு ஆத்தன்டிகேஷன் ஃபெயிலியர்...”

“அதெல்லாம் எனக்கு வாணாம். கெடைக்குமா, கெடைக்காதா?”

என் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. நூறு நாள் திட்டத்தில் ஏரி வேலை, மல்லாட்டைச் செடி பிடுங்குவது, களை எடுப்பது என்று கூலிக்குப் போய்த்தான் என்னைப் பாலிடெக்னிக் வரை படிக்க வைத்தார். ஒரு அலுவலகத்துக்குப் பணம் விஷயமாக அவர் நடையாக நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. போன ஒவ்வொரு நாளும் கூலி போனது. ஒவ்வொரு நாளும் புரியாத ஒரு இங்கிலீஷ் வார்த்தையோடு திரும்பி வருவார். “ஆவும் ஆவாது, ரெண்டுல ஒண்ணு சொல்லித் தொலைச்சா நான் வேலைக்காவது போவேன்” என்பார். அப்போது அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆட்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அன்று திண்டிவனத்தில் அவர்களுடைய வார்த்தை என் வாயில் இருந்தது.

“கெடைக்காதுக்கா,” என்றேன். “டிஸ்க்க மெட்ராஸுக்கு அனுப்பறோம். வந்தா வரட்டும். அதுக்காக நீங்க ஒரு நாள்கூட காத்துக்கினு இருக்காதீங்க. மொத நாள்லேர்ந்து திரும்ப ஆரம்பிக்கணும்.”

அவர் மெதுவாக உட்கார்ந்தார். “எல்லாம் என்னாலதான். கூட்டத்துல தூக்கிக்கினு போயிருக்கக் கூடாது.”

“உங்களால இல்லக்கா. கருவி ஒடையும்னு தெரிஞ்சுதான் இங்க ஒரு காப்பி, அங்க ஒரு காப்பின்னு வெக்கறாங்க. அது இங்க நின்னுபோச்சு. ஏழு மாசமா யாரும் கவனிக்கல.”

“இத இப்ப அவங்ககிட்ட சொல்லியே ஆகணுமா?” என்று மேடம் என்னிடம் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

“நான்தான் மேடம் டெய்லி மூடனேன்” என்று கௌரி அழ ஆரம்பித்தாள்.

“நீ காட்டுன. நான்தான் எழுந்து போனேன்,” என்றார் மேடம். அதற்குப் பிறகு அவர் குரலில் கோபம் இல்லை.

அஞ்சலை அக்கா யாரையும் மன்னிக்கவில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னதற்காக யாரும் நம்மைத் தட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

“அமாவாசைலேர்ந்து நான் சோறு துன்னல. பிள்ளைய செவிடாக்கனவ இவதான்னு என் மாமியா தெருவெல்லாம் சொல்லிக்கினு திரியறா. நானும் ஆமாம்னு தலையக் குனிஞ்சிக்கினு போறேன். நீங்க இன்னாடான்னா, ஒரு பேரப் பாத்து பயந்துக்கினு மூடி வெச்சிருக்கீங்க. செத்தவரு உங்கள இன்னா பண்ணாரு? நல்லதுதான பண்ணிக்கினு இருந்தாரு?”

மேடம் எழுந்து புதிய கருவி இருந்த பெட்டியைப் பிரித்தார்.

அன்றே புதிய கருவியில் முதல் நாள் அளவை ஏற்றினார்கள். நான் போயிருக்கலாம், என் வேலை முடிந்திருந்தது. ஆனால் நின்றேன். மேடம் கருவியை மாட்டி இயக்கினார். கனிஷ்கா ஆசையாகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு கருவியை விரலால் தட்டினாள், எங்கள் வீட்டு ரேடியோவை நான் தட்டுவது மாதிரி. ‘அம்மா’ என்றாள். தன் குரல் தனக்குக் கேட்கவில்லை போல. இன்னும் சத்தமாக, ‘அம்மா’ என்று கத்தினாள். சுற்றிப் பார்த்தாள். கழற்றி அம்மாவின் கையில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு அவள் எதுவும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் திரும்பி வரும்போது விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி இதை யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது தோன்றியவற்றைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பேக்கப்புக்கு ஒரு மனிதனின் பெயரில் கணக்கு வைக்காதீர்கள். மனிதன் போய்விடுவான். வேலையின் பெயரில் வையுங்கள். வேலையின் பெயரைப் பார்த்து யாரும் அழமாட்டார்கள், பயப்படவும் மாட்டார்கள். எந்த இடத்திலாவது யாராவது இறந்துவிட்டார், வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டால், துக்கம் கேட்டுவிட்டு அடுத்த கேள்வியாக அவர் பெயரில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். அசிங்கமாக இருக்கும். பரவாயில்லை. வாடிக்கையாளர் ஒரு எர்ரரை ஏன் மூடினார் என்று திட்டாதீர்கள். அதைப் பார்க்கும்போது அவருக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பேக்கப் இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெயர் இருப்பது போதாது.

முதலாளி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. உனக்கு நாக்கு நீளம் என்றார். டிஸ்க் மெட்ராஸ் போய்த் திரும்பி வந்தது, ஒன்றும் எடுக்க முடியவில்லை என்ற சீட்டோடு. கௌரி வேலையை விட்டுவிட்டு விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். பார்த்தால் சிரிக்கிறாள், பேசுவதில்லை. மேடம் அந்த மையத்தில் புதுக் கணக்கை என்னை வைத்தே போட்டார். மாதம் ஒருமுறை நானே போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். அந்த வேலை இனி உங்களில் ஒருவருக்கு.

அந்த ஜூன் மாதம் கனிஷ்கா பள்ளிக்குப் போகவில்லை. அஞ்சலை அக்கா வாராவாரம் வேலையை விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். மறுபடி ‘அம்மா’ வந்தது, மறுபடி பெயருக்குத் திரும்பினாள். அடுத்த ஜூனில் சேர்த்தார்கள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. அவள் வயதுப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தார்கள். பேச்சு அவர்கள் அளவுக்கு இன்னும் வரவில்லை. வருமா என்று மேடத்திடம் கேட்டேன். அவர் கனிஷ்கா அடுத்து வர வேண்டிய தேதியைக் குறித்துக்கொண்டார்.

சேர்த்த பிறகு ஒரு நாள் மேடம் அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டு, இந்த ஒரு வருசத்தில் உங்களுக்கு என்ன செலவாயிற்று, சொல்லுங்கள், மையம் கொடுத்துவிடும் என்றார். நானும் அன்று அங்கே இருந்தேன். அஞ்சலை அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார், நிறுத்தினார், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எதையெல்லாம் சேர்ப்பது என்று யோசித்தார் போலிருக்கிறது. கடைசியில் பஸ் காசையும் போன கூலியையும் மட்டும் சொன்னார். இருபத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.